நான் சுத்தம் செய்த எட்டு சென்ட்

1

நித்யா, கார்த்தி,

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நித்யா நாலு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், "அப்பா, செடி வாங்கிட்டீங்களா? போட்டோ எங்கே?" என்று. நான் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். அவிநாசியில் உங்கள் சுப்பு மாமா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பாடு வந்துவிடுகிறது. போட்டோ எடுத்து அனுப்ப முடியாத ஒரு காரியம் நடந்துபோய்விட்டது, அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நீங்கள் "ஓகேப்பா, ஓகேப்பா" என்பீர்கள். எனக்கும் மிச்சம் பாதியைச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நித்யா எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள். கார்த்தி, உனக்கு அம்மா படித்துக் காட்டட்டும். ஓரிரு இடத்தில் அம்மா நிறுத்துவாள். அங்கே அவளை அவசரப்படுத்தாதே.

பத்தாவதும், அதற்கப்புறம் ஐ.டி.ஐ.யில் டர்னரும் படித்தவன் நான். சிங்காநல்லூரில் பம்பு பட்டறையில் லேத் ஓட்டியவன், ஹாமில்டனில் பால் பண்ணை மிஷினுக்கு லேத் ஓட்டுகிறேன். கதை மாதிரி அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

"சைட்" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே நீங்கள் வளர்ந்தீர்கள். சைட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், சைட்டுக்குக் காம்பவுண்டு போட வேண்டும், சைட்டில் வீடு கட்டி அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் போய் இருப்போம். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற ரோட்டில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால், எட்டு சென்ட். முன்பு யாரோ சோளம் போட்ட காடு. அதைக் கல் நட்டுப் பிரித்து மனையாக விற்றபோது வாங்கினேன்.

எதைக் கொண்டு வாங்கினேன் என்பது கார்த்திக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சனிக்கிழமை ஓவர்டைம். ஆறு வருடச் சனிக்கிழமைகள். காலை ஆறரைக்கு, ஆற்றுப் பனி பாலத்தை மூடிக்கிடக்கும்போதே நான் கிளம்பிவிடுவேன். கார்த்தி, உன் கால்பந்து ஆட்டம் ஒன்பது மணிக்கு. ஆட்டம் முடிந்து முழங்கால் வரைக்கும் சேறோடு நீ வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்கியும் எழுந்த பிறகுதான் நான் ஆயில் நாற்றத்தோடு வந்து சேருவேன். "ஜெயிச்சீங்களா?" என்று கேட்பேன். சில நாள் நீ போன வாரத்து ஆட்டத்தைச் சொல்லுவாய். எனக்கு வித்தியாசம் தெரியாது.

போன வருடம் நித்யா வீட்டில் சாப்பிடும்போது நீ சொன்னாய், அந்த இடத்தை அப்பா என்னுடைய சனிக்கிழமைகளைக் கொடுத்து வாங்கினார் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு ரசம் மட்டும் போதும் என்று எழுந்துவிட்டேன்.

அப்படி வாங்கிய இடத்தைப் பதினாறு வருடத்தில் நான் நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததுதான். பூட்டு துருப்பிடித்து, சாவி நுழையாமல் கிடந்தது. சுவருக்கு மேலே பச்சையாக என்னவோ மண்டிக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, "கட்டும்போது சுத்தம் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இந்தத் தடவை கட்டுவதற்காகவே வந்தேன். ஐப்பசியில் ஒரு வாஸ்து நாள் இருக்கிறது, அன்றைக்குப் பூமி பூஜை போட்டுவிடலாம் என்றார் சுப்பு. அம்மா ஏன் கூட வரவில்லை என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். பேத்திக்குப் பல் முளைக்கிற நேரம் என்று சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

3

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுப்புவின் வீட்டில் எனக்கு மட்டும் சில்வர் டம்ளர் இல்லை, கண்ணாடி டம்ளர். ஒரம்பரைக்குக் கொடுக்கிற டம்ளர் அது. விருந்தாளிக்கு நாங்கள் ஒரம்பரை என்று சொல்வோம். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டேன். "எதுக்குங்க?" என்று கேட்டார். நியூசிலாந்தில் இருபது வருடமாகக் கஷ்டப்பட்டு ஏற்றிக்கொண்ட பழக்கம், இங்கே இறங்க மாட்டேன் என்கிறது.

பிளான் அப்ரூவலுக்காக ஆபீசுக்குப் போனேன். ஆதார் கேட்டார்கள். எனக்கு அது இல்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டினேன். கணக்குப் பிள்ளை மாதிரி மூக்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இருந்த அந்தப் பெண், நல்ல மாதிரி பெண்தான், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க இங்க இருக்கறவருங்களா, இல்லீங்களா?"

"ரெண்டும்தானுங்க."

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டம் இல்லீங்களே. எதையாச்சும் ஒண்ணை டிக் பண்ணோணுமுங்க."

விண்ணப்பத்தை வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஜேசிபி வந்தது. அக்கம்பக்கத்தார் புதர் மண்டுகிறது, பாம்பு வருகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பூட்டை உடைத்தோம். முக்கால் மணி நேர வேலை. மேல் மண்ணோடு சேர்த்து நாலு விரல் ஆழத்துக்கு வழித்து, வடகிழக்கு மூலையில் குவித்துவிட்டார்கள். ஜேசிபிக்குப் பின்னாலேயே கொக்கும் மைனாவுமாக இறங்கி நடந்தன. பூமி பூஜைக்கு முன்னாலேயே பறவை இறங்குகிறதே, நல்ல சகுனம் என்று நினைத்தேன். அவை எதைப் பொறுக்கித் தின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

சிவந்த மண், சுற்றிலும் சுவர், நடுவில் நான். அந்தப் போட்டோவைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். கார்த்தி ஒரு கட்டைவிரல் போட்டான். அம்மா ஒன்றும் போடவில்லை. நித்யா, நீ மட்டும் எழுதினாய்: ரொம்ப மொட்டையாக இருக்குதுப்பா, சுவர் ஓரமாகத் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஆகிற உள்ளூர்ச் செடியாக வையுங்கள், நாங்கள் இங்கே எங்கள் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை வைத்து அப்படித்தான் நடுகிறோம் என்று.

பதினாறு வருடத்தில் அந்த இடத்தைப் பற்றி உங்களில் ஒருவர் ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

4

திங்கட்கிழமை காலை சுப்புவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சேவூர் ரோட்டில் ஒரு நர்சரி இருக்கிறது, குரோட்டன்ஸ், ரோஜா எதுவும் கிடையாது, நம்மூர்க் காட்டுச் செடி மட்டும்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வேலி ஓரத்துல சும்மா கெடக்கற எருக்கஞ்செடியக் காசு குடுத்து வாங்கறதுக்கு நியூசிலாந்துல இருந்து ஆளு வந்திருக்குது" என்று வழியெல்லாம் கிண்டல். "வண்டிய ஓரங்கட்டறேன், இங்கயே நாலு புடுங்கிக்குங்க மச்சான்."

பச்சை வலைப் பந்தல். அதன் கீழே கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகச் செடிகள். கொடிகளையெல்லாம் பனியன் வேஸ்ட் துணியால் கட்டியிருந்தார்கள். நூல் அட்டைப்பெட்டியை வெட்டிப் பெயர் எழுதிச் சொருகியிருந்தது. ஆவாரை, தும்பை, கிலுகிலுப்பை, நொச்சி. இதெல்லாம் சின்ன வயதில் எனக்குப் பெயர் தெரிந்த செடிகள்தான். பெயர் தெரியாமல் மிதித்தவையும் நிறைய இருந்தன.

ஹோஸ் பைப்போடு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சாந்தாமணி. நர்சரி அவளுடையதுதான்.

"வாங்ணா, வாங்க. செடி பாக்கறீங்களா, பட்டாம்பூச்சி பாக்கறீங்களா?"

"ரெண்டும் பாக்கலாமுங்களா அம்மணி?"

"தாராளமாப் பாருங்க. பட்டாம்பூச்சிக்குக் காசு இல்லீங்ணா, செடிக்குத்தான்."

நான் நல்லதாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தேன். எதை எடுத்தாலும் இலையில் ஓட்டை. ஒரு வரிசையில் தரையோடு படர்கிற மாதிரி, சாம்பல் பூத்த இலையோடு பத்துப் பன்னிரண்டு பைகள் இருந்தன. அதிலும் பாதி இலை காலி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு புழு. விரல் நீளம், கறுப்பு, முதுகெல்லாம் சிவப்பு முள், நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. என் கை தானாக அதைச் சுண்டிவிட்டது. அதை மிதிக்கக் கால் தானாக உயர்ந்தது.

"காலை வெக்காதீங்ணா!"

ஒற்றைக் காலில் நின்றேன். சுப்பு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மணி ஓடிவந்து, என் செருப்புக்கு அடியில் கையை நீட்டி, ஒரு இலையால் புழுவை ஏந்தி எடுத்து மறுபடியும் செடியிலேயே வைத்தாள்.

"பூச்சி அரிக்குதுன்னு..." என்றேன்.

"அரிக்கறதுக்குத்தானுங்ணா செடியே வெச்சிருக்கறது." கோபம் இல்லை, சிரித்தாள். "திருப்பூர்ல பதினோரு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தனுங்க. ஓட்டை இருந்தா எடுத்துத் தள்ளிப்போடறதுதான் வேலை. இப்ப இங்க ஓட்டை உளுந்ததுதான் ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஓட்டை இல்லாத செடியப் பாத்தா, அய்யோ, ஒருத்தரும் வரலியேன்னு மனசு சங்கடப்படுது."

அப்புறம் அவள் விளக்கமாகச் சொன்னாள். நித்யா, உனக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பட்டாம்பூச்சி தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகும், போகிற இடமெல்லாம் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முட்டை வைக்க மட்டும் அதற்கென்று இருக்கிற செடிக்குத்தான் போகும். கறுப்புச் சிறகும் சிவந்த உடம்புமாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சிக்கு இந்தச் சாம்பல் இலைச் செடிதான். ஆடுதீண்டாப்பாளை என்று பெயர். அத்தனை கசப்பு, ஆடுகூட வாய் வைக்காது.

"நமக்குத்தானுங்ணா கசப்பு. அந்தப் புழுவுக்கு அதுதான் பாலு. வேற எலை போட்டா திங்காது, பட்டினியாவே செத்துப்போகும்."

"சரி, இதுலயே ஒரு அஞ்சாறு குடுங்க" என்றேன்.

"குடுக்கறனுங்க. ஆனா பையில வளர்றது ஒரு புழுவுக்கு ஒருவேளைச் சாப்பாடு. நெலத்துல வேர் உட்டுப் படர்ந்தாத்தான் தாங்கும். இந்தப் பக்கம் பூராவும் சைட்டு போட்டு, சுத்தம் பண்ணி, எல்லாம் போயிருச்சுங்க. ஒரே ஒரு எடத்துலதான் பாய் விரிச்சாப்பல கெடக்குது. இதெல்லாம் அங்க எடுத்த வெதைதான்."

"யாரோட எடமுங்க?"

"யாரோ வெளிநாட்டுக்காரரு. மகராசன், பதினஞ்சு வருசமா எட்டிக்கூடப் பாக்கலீங்க. அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும்." வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டாள். "அவரு வராம இருந்ததுனாலதான் இதுகளுக்கு ஒரு எடம் இருக்குது. தெக்குச் செவுரோரமா வெறும் மண்ணு இருக்குமுங்க, அதுல நீலக் கோடு போட்ட தேனீ பொந்து வெச்சிருக்குது. அந்தத் தேனீ வந்து உலுக்குனாத்தான் சுத்துவட்டாரத்துல கத்திரியும் தக்காளியும் நல்லாக் காய்க்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கே இது தெரியாதுங்க."

சுப்பு சிரிப்பை நிறுத்திவிட்டார். அவருக்கு என்னைவிட முந்திப் புரிந்துவிட்டது. செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கமுங்க அது?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"புளியம்பட்டி ரோட்டுல, தண்ணி டேங்குக்குப் பொறகால. பச்சைக் கேட்டு."

பேசாமல் ஐந்து பையை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். சுப்பு கண்ணால் அதைத்தான் சொன்னார். ஆனால் அவள் கும்பிட்ட கும்பிடு எனக்கானது. அதை வாங்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

"அது என்ற சைட்டுதானுங்க அம்மணி."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீங்களா! அய்யோ, மன்னிச்சுக்கோணுமுங்ணா. பொறத்தால செவுத்துல கல்லு உளுந்த சந்து இருக்குது. மூணு வருசமா அது வழியாப் பூந்து வெதை எடுக்கறனுங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. கேட்டுல ஒரு போன் நெம்பர்கூட இல்லீங்க. உங்க எடத்துல திருடினவதானுங்க நானு. இருங்க, டீ போடச் சொல்றேன்..."

"சனிக்கெழமை ஜேசிபி உட்டு வழிச்சுப்போட்டனுங்க" என்றேன்.

அவள் ஹோஸ் பைப்பை மடக்கிப் பிடித்தாள். தண்ணீர் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மேல தப்பு இல்லீங்ணா" என்றாள். "சைட்டுன்னா சுத்தமாத்தானே வெப்பாங்க. நாந்தான் கேட்டுல ஒரு சீட்டாச்சும் எழுதிச் சொருகியிருக்கோணும்." பிறகு குரல் மாறியது. "எத்தனை ஆழம் வழிச்சீங்க?"

"நாலு வெரலு."

"அந்த மண்ணு எங்கீங்க?"

"அங்கயேதான், மூலையில குமிச்சுக் கெடக்குது."

"அப்பத் தப்பிச்சோமுங்க. அதுலதான் வேரும் வெதையும் இருக்கும். மறுபடியும் மிஷின் உட்டு அமுக்கிப்போடாதீங்க. கையால அள்ளி, பழையபடி பரப்பி உட்டுருங்க. மழைக்கு வந்துரும்."

"அதுக்கப்புறம் நான் என்ன செய்யோணும் அம்மணி?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க. தண்ணிகூட ஊத்த வேண்டாம். ரெண்டு மழைக்காலத்துக்கு ஒருத்தரும் காலு வெக்கக் கூடாது. நீங்க பழையபடி வராம இருந்தீங்கன்னாலே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்படி அர்த்தத்துல சொல்லலீங்ணா."

"தெரியுமுங்க" என்றேன்.

அப்போதுதான் சுப்பு தொண்டையைக் கனைத்தார். "மச்சான், அந்த மண்ண நான் பக்கத்து வீதிக்காரருக்குக் குடுத்துட்டேன். மாட்டுக்கொட்டாய மேடு பண்றதுக்கு. இன்னைக்கு ட்ராக்டர் வருது."

5

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் நடை போய்விட்டிருந்தது. குவியலில் ஒரு ஓரம் இல்லை. ட்ராக்டர் இரண்டாவது நடைக்குத் திரும்பிவந்து டிரெய்லரைத் திறந்து போட்டு நிற்கிறது. இரண்டு பேர் மண்வெட்டியோடு ஏறிவிட்டார்கள். நான் ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கி, கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், உங்கள் அப்பாவின் முழங்கால் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும்.

"வேண்டாமுங்க, நிறுத்துங்க! மண்ணு குடுக்கறதுக்கு இல்லீங்க!"

அவர்கள் சுப்புவைப் பார்த்தார்கள். சுப்பு என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"மச்சான், குடுத்த மண்ணைத் திருப்பிக் கேக்கறதா?"

"வேற மண்ணு நான் எறக்கித் தாரேன் மாப்ளை. இது வேண்டாம்."

"உங்களுக்கென்னுங்க. இன்னும் பத்து நாள்ல பிளைட்டு ஏறிருவீங்க. இந்த ஊருல நாளைக்கும் மூஞ்சி காட்டோணும்னு இருக்கறவன் நானு. ஒரு பூச்சிக்காகச் சொன்ன சொல்ல மாத்திப்போட்டாருன்னு டீக்கடையில சிரிப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போதுதான் தெற்குச் சுவர் ஓரத்தில் ஒன்றைக் கவனித்தேன். வழித்து மட்டமாகக் கிடந்த மண்ணுக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், ஒரு சின்னத் தேனீ. வயிற்றில் நீலக் கோடு. இறங்கும், மண்ணைத் தொடும், மேலே எழும், மறுபடியும் அதே இடத்தில் இறங்கும். பொந்து அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

நான் பார்ப்பதை சுப்புவும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ட்ராக்டர்காரரிடம் போய் என்னவோ சொன்னார். கிராவல் மண்ணாகவே இறக்கித் தருகிறோம், கொட்டாய் இன்னும் கெட்டியாக நிற்கும் என்றார். அந்த ஆள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "என்னமோங்க, வெளிநாட்டுல மண்ணே இல்லையாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு டிரெய்லரை மூடினார். முதல் நடையில் போனது போனதுதான். அதைக் கொட்டி மிதித்துவிட்டார்களாம்.

ட்ராக்டர் போனதும் சுப்பு வெளியே குத்துக்கல் மேல் உட்கார்ந்தார். என்னைவிடப் பதினாலு வயது சின்னவர். உங்கள் அம்மாவை நான் கட்டும்போது அரை டவுசர் போட்டுக்கொண்டு எனக்கு மாலை எடுத்துக்கொடுத்தவர்.

"அப்ப ஐப்பசி பூஜை?"

"இந்த ஐப்பசி வேண்டாம் மாப்ளை."

"அடுத்த ஐப்பசியும் ஆகாதில்லீங்? ரெண்டு மழைன்னு அந்தம்மா சொல்லுச்சு."

"ஆமா."

"அப்ப உங்களுக்கு அறுபத்தி நாலு." விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா வராதுங்க மச்சான். போன வருசமே போன்ல எங்கிட்டச் சொல்லிருச்சு. புள்ளைகளை உட்டுட்டு அங்க வந்து யாரு மூஞ்சியப் பாக்கறதுன்னு கேட்டுச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுச்சு. வூடுன்னு ஒண்ணு கட்ட ஆரம்பிச்சா மனசு மாறுமோன்னு நாந்தான் ஜேசிபிய வரச்சொன்னேன்."

இந்த இடத்தில் அம்மா நிறுத்தினால் நிறுத்தட்டும். அம்மாவுக்கும் சொல்கிறேன்: எனக்குத் தெரியும். நீ பெட்டி அடுக்கும்போது, அடுத்த தடவை வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்கு மட்டும் துண்டு எடுத்து வைத்தாயே, அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்தேன். கோபம் ஒன்றும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கார்த்தி, உனக்கு ஒன்று. அந்த எட்டு சென்ட்டை நான் வாங்கிய விதம் சரியில்லை என்று நீ சொன்னது சரிதான். வாங்கிவிட்டு அதையாவது நன்றாகப் பார்த்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. நான் பார்க்காமல் விட்டதால் அங்கே என்னென்னவோ பிழைத்துக் கிடந்திருக்கிறது. உன் சனிக்கிழமைகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது போல, அங்கே என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. உன் விஷயத்தில் நான் செய்ததற்கு மண்ணைத் திருப்பிப் போடுகிற மாதிரி வழி ஏதும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் சொல்.

6

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள் காலையில் நான் மட்டும் போனேன். கூலிக்கு ஆள் சொல்லட்டுமா என்று சுப்பு கேட்டார், வேண்டாம் என்றேன். அவருடைய மண்வெட்டியையும் இரும்புச் சட்டியையும் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

ஒரு சட்டி அள்ளுவது, நடந்துபோய் மெல்லக் கொட்டுவது, கையால் உதிர்த்துப் பரப்புவது, திரும்பிவருவது. லேத்தில் முப்பத்தெட்டு வருடம் நின்ற கால், குனிய மாட்டேன் என்றது. முதல் நாள் எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டபடியே ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏனுங்க, எதாச்சும் காணாமப் போச்சுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தங்கமுங்களா?" என்றாள். இல்லை என்று கையை ஆட்டினேன். அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை.

மண்ணுக்குள் வேர்த்துண்டுகள் கிடைத்தன. கயிறு மாதிரி, உடைத்தால் உள்ளே ஈரம். சாந்தாமணியைப் போனில் கேட்டேன். "வெட்டுப்பட்டாலும் பரவால்லீங்ணா, படுக்கவெச்ச வாக்குல வெச்சு மண்ணு மூடுங்க" என்றாள். எத்தனை வைத்தேன் என்று எண்ணவில்லை. அந்தத் துண்டுகள் துளிர்க்குமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெற்குச் சுவர் ஓரத்தை மட்டும் ஒன்றும் போடாமல் வெறும் மண்ணாகவே விட்டேன். புதன்கிழமைக்கு அப்புறம் அங்கே அந்தத் தேனீயைக் காணவில்லை.

நித்யா, நீ கேட்ட போட்டோவில் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. மேடும் பள்ளமுமாக, கட்டி கட்டியாக மண். முன்னால் அனுப்பினதைவிட மோசமாக இருக்கும்.

நேற்று வெயில் ஏறுவதற்குள் கடைசிச் சட்டியையும் கொட்டி முடித்தேன். திரும்பிப் பார்த்தால், மூன்று நாளாக நடந்த என் காலடி இடம் முழுக்கப் பதிந்து கிடந்தது. பின்சுவரில் கல் விழுந்த சந்தை அடைக்காமல் விட்டேன். அங்கிருந்து ஆரம்பித்து, குனிந்து, பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொரு தடத்தையும் கையால் கலைத்து உதிர்த்துக்கொண்டே கேட்டு வரைக்கும் வந்தேன். வெளியே காலை எடுத்து வைத்து, கடைசித் தடத்தையும் கம்பிக்குள் கையை விட்டுக் கலைத்தேன். பிறகு புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டினேன்.